ஆயில்னா ஆயில்தான்

என் வண்டியின் கிளட்ச் தேய்ந்துபோன சேதி எனக்குத் தெரியும் முன்பே எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வாசலை விட்டு இறங்கினால் நேரே மேடுதான். சாதாரண மேடு இல்லை, மூச்சு வாங்க வைக்கிற மேடு. அதில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் என்ஜின் ஊரைக் கூட்டும், வண்டி மட்டும் நகராது. கையில் பையோடு நடந்து போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், மேலே நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு இரண்டு அறை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரர். தெருவில் காக்காய் வந்து உட்கார்ந்தால்கூட கிரிக்கெட் மாட்ச் மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அதனாலேயே அவருக்கு ‘வர்ணனை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் மேட்டில் திணறும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்.

“ஏறுது... ஏறுது... கொஞ்சம் ஏறுது... போச்சு, நின்னுடுச்சு! ஏம்மா, தள்ளி விடட்டுமா?”

“நீங்க உங்க துணியைத் தைங்க, அது போதும்” என்று சொல்லிவிட்டு இறங்கித் தள்ளுவேன். வாய் என்னவோ பேசிவிடும். முகம் எரிவது எனக்கல்லவா தெரியும்.

என் வேலை அப்படி. ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறேன். எப்பேர்ப்பட்ட கையாக இருந்தாலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவேன் என்று எனக்குப் பெயர் உண்டு. ‘ஊசியம்மா வந்தாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். காலையில் எல்லோரும் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். நான் போய் எடுத்த பிறகுதான் ஒரு வாய் டீகூடக் குடிக்க முடியும். அதனால் எனக்கு நேரம்தான் எல்லாமே.

அந்த நேரத்தைத்தான் வண்டி தின்றது. போன வாரம் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் நன்றாக வெயில் ஏறிவிட்டது. அந்த வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி. நான் படியேறிப் போனபோது அவர் கதவருகே தரையில் கிடந்தார். நான் வருகிறேனா என்று பார்க்க எழுந்து வந்தவர் மயங்கி விழுந்திருக்கிறார். மருமகள் அவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, “இதான் நீ வர்ற நேரமா? ஒரு உயிரைப் பத்தி அக்கறை இருக்கா உனக்கு?” என்று கேட்டாள். கண்ணைத் திறந்த பெரியவர், “விடும்மா, அது பாவம் வெயில்ல வந்திருக்கு” என்றார். அவள் திட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பாவம் என்றதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

விஷயம் லேபுக்குப் போயிற்று. லேபை நடத்துகிற மேடம் கத்தவெல்லாம் இல்லை. “திங்கட்கிழமை அவர் வீட்டுக்கு மறுபடி போகணும். வண்டி சரியாகி நீ நேரத்துக்குப் போனா சரி. இல்லன்னா உன் ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன், என்ன?” என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலிலேயே என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். உள்ளே வரும்வரை பொறுத்திருக்கலாம், என் அவசரபுத்தி. அவர் வண்டியில் ஏறி மேட்டில் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். மாடியிலிருந்து என் நாத்தனார் எட்டிப் பார்த்தார். இவருடைய அக்கா, மேல் போர்ஷனில் இருக்கிறவர். எதிரே வர்ணனையும் மிஷினை நிறுத்தியாயிற்று.

“கிளட்ச் காலி. கிளட்சைப் பாதி புடிச்சுக்கிட்டே ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டினா பிளேட் எத்தனை நாள் தாங்கும்? ஊசி புடிக்கிற கையில கிளட்சைக் கொடுத்தா இப்படித்தான்” என்றார் என் வீட்டுக்காரர். அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில்.

“நான் ஒண்ணும் ஹாஃப் கிளட்ச்ல ஓட்டலை.”

“பின்ன தானா தேயுமா?”

மாடியில் நாத்தனார் சிரித்தார். வர்ணனை, “பிளேட் அவுட்டு!” என்றார். நான் விடுவிடுவென்று உள்ளே போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

கியர் வண்டி ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். முன்பு இது இவருடைய வண்டி. ஒரு கம்பெனியில் கார் ஓட்டும் வேலை கிடைத்ததும் எனக்கு வந்தது. ‘கிளட்சை விட்டதும் விரலை எடு, அதுல கை வச்சுக்கிட்டே ஓட்டாத’ என்று இவர் சொன்னதை இன்றுவரை நான் மீறியதில்லை. ஆனாலும் எல்லோரும் சேர்ந்து சொன்னால் மனசு என்ன செய்யும்? ஒருவேளை எனக்கே தெரியாமல் விரல் கிளட்சில் இருந்ததோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு ஓட்டும்போதெல்லாம் என் இடது கையையே திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மெக்கானிக்கிட்ட விட்டா இன்னைக்கு நாளைக்குன்னு இழுப்பான். ஞாயித்துக்கிழமை நானே மாத்திடறேன்” என்றார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்தான். கார் ஒர்க்‌ஷாப்.

ஞாயிறு காலையில் வாசலில் சாக்கை விரித்து, வண்டியை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். நான் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கிற ஆள். ரத்தம் எடுக்கிறவளுக்கு அதுகூடவா தெரியாது? கேட்பதற்கு முன்பே சரியான சைஸை நீட்டினேன். முதலில் கீழே ஒரு பாத்திரத்தை வைத்து ஆயிலை இறக்கினார். கிளட்ச் கேபிளைத் தளர்த்தினார். கிக்கரைக் கழற்றி, என்ஜினின் வலது பக்கத்து மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, சுத்தியலின் மரப்பிடியால் லேசாகத் தட்டினார். மூடி விட்டுக்கொடுத்தது. கருகின வாடை குப்பென்று வந்தது.

ஸ்பிரிங்குகளைக் கழற்றியதும் உள்ளே அடுக்கடுக்காகப் பிளேட்டுகள். கார்க் ஒட்டின பிளேட் ஒன்று, வெறும் இரும்புப் பிளேட் ஒன்று என்று மாறி மாறி இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் என்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போகும், வழுக்கினால் வெறும் சத்தம்தான் என்று இவரே முன்பு சொல்லியிருக்கிறார். கார்க் எல்லாம் கறுத்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. இரும்புப் பிளேட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன.

“பார்த்தியா உன் வேலையை?” என்று ஒன்றை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

பார்த்தேன். வண்டியின் வயிற்றைக் கிழித்து என் குற்றத்தை வெளியே எடுத்துத் தெருவில் வைத்தது போல இருந்தது. வர்ணனை வேறு கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புது பிளேட்டை அப்படியே போடக் கூடாது. ஆயில்ல ஊற வைக்கணும். அந்தத் தட்டையும் ஆயில் டப்பாவையும் எடு” என்றார் இவர்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன தடவை ஆயில் மாற்றும்போது, கம்பெனிக் காருக்கு ஊற்றியது போக மிச்சம் என்று இவர் பெருமையாகக் கொண்டுவந்தது. ‘உசத்தி ஆயில். உன் வண்டிக்கு இனி ராஜ வாழ்க்கைதான்’ என்றார். டப்பாவில் ஒரு கார் படம் பெரிதாகப் போட்டிருந்தது. “கார் படம் போட்டிருக்கே, இதை வண்டியில ஊத்தலாமா?” என்று நான் அப்போதே கேட்டேன். எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் தொழில்தான். ஊதா மூடிக் குழாயில் எடுக்க வேண்டிய ரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்தால் அந்த ரத்தம் வீண். போய் அந்த ஆளை மறுபடியும் குத்த வேண்டும். இதை ஒருநாள் இவரிடம் சொன்னபோது, ‘ரத்தம் ரத்தம்தானே, எந்தக் குழாயில ஊத்தினா என்ன?’ என்று கேட்ட மனுஷன் இவர்.

ஆயில் விஷயத்திலும் அதே கதைதான். “ஆயில்னா ஆயில்தான். உன் குழாய் கணக்கையெல்லாம் இங்க கொண்டு வராத. ஊசி போடறவளுக்கு ஆயிலைப் பத்தி என்ன தெரியும்?” என்றார். அன்றைக்கும் நாத்தனார் பக்கத்தில் இருந்தார். அன்றைக்கும் சிரித்தார். அதற்குப் பிறகு நான் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அதை எடுக்கப் போனபோது, மேலே படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். கார் படத்துக்குப் பின்பக்கம் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. பொடி எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க என்னால் முடியாது. குழாயில் ஒட்டிய பெயரை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துப் பழகின கண். ‘கார் என்ஜினுக்கு மட்டும். கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் இருசக்கர வாகனங்களில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.’

மறுபடியும் படித்தேன். அப்படியென்றால் என் விரல் இல்லை. என் ஊசி பிடிக்கிற கை இல்லை. இவர் ஊற்றின ராஜ வாழ்க்கைதான் கிளட்சைத் தின்றிருக்கிறது. அந்தப் பெரியவரைத் தரையில் சாய்த்ததும் அதுதான். ஒரு பக்கம் அப்பாடா என்றும் இன்னொரு பக்கம் ஆத்திரமாகவும் இருந்தது.

“ஏங்க...” என்று வாயெடுத்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து நாத்தனார், “தம்பி, சரி பண்ணிட்டு சாவியை நீயே வச்சுக்கோடா. மறுபடியும் தேய்ச்சுக் கொண்டுவந்து நிறுத்திடப் போறா!” என்றார்.

“அதுவும் சரிதான்க்கா” என்று இவர் சிரித்தார்.

சாதாரணச் சிரிப்புதான். ஆனால் என் வாய் தானாக மூடிக்கொண்டது. ஓட்டட்டும். தெருவே பார்க்கட்டும். வர்ணனை சொல்லட்டும். இந்தத் தடவை மேட்டில் யார் இறங்கித் தள்ளுகிறார்கள் என்று நானும் பார்க்கிறேன். இப்படித்தான் நினைத்தேன், ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. டப்பாவை நீட்டினேன். எழுத்து இருந்த பக்கத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு நீட்டினேன்.

அவர் தட்டில் ஆயிலை ஊற்றி, கார்க் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக அதில் முக்கினார். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனம். ஊறும் நேரத்தில் மூடியின் விளிம்பில் ஆயில் கசியாமலிருக்க ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் காகிதத்தைப் பிளேடால் சுரண்டினார். விரலில் வெட்டு விழுந்தது. என் பையிலிருந்து பஞ்சை எடுத்து நான்தான் அழுத்திப் பிடித்தேன். “ஊசியம்மா பக்கத்துல இருந்தா என்ன கவலை?” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கார்க், இரும்பு, கார்க், இரும்பு என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினார். ஸ்பிரிங்கைப் போட்டு, புது கேஸ்கெட் வைத்து மூடியை முடுக்கினார். கேபிளில் கொஞ்சம் தளர்வு விட்டார். மிச்ச ஆயிலை உள்ளே ஊற்றினார். எல்லாம் சுத்தமான வேலை, ஒரு குறை சொல்ல முடியாது.

“அக்கா, பாரு!” என்று மாடியைப் பார்த்துக் கூவிவிட்டு வண்டியில் ஏறினார்.

“புதுப் பந்து, புது ஆட்டம்!” என்றார் வர்ணனை.

முதல் கியரில் வண்டி நன்றாகத்தான் புறப்பட்டது. மேட்டின் பாதியில் என்ஜின் அலறியது. சத்தம் ஏறிக்கொண்டே போனது, வண்டி இறங்கிக்கொண்டே வந்தது. எனக்குப் பழகிப்போன அதே சத்தம். அவர் காலை ஊன்றினார். மறுபடியும் திருகினார். மறுபடியும் அலறல். வேடிக்கை பார்த்த எல்லோருக்கும் முன்னால் இறங்கி நின்றார்.

வர்ணனைக்குப் பேச்சு வரவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆள் ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் நானும் சிரித்திருப்பேனோ என்னவோ. இவர் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார். காது மடல் சிவந்து, பார்வை ஹேண்டில்பாரை விட்டு எழவில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. பார்க்கத்தான் முடியவில்லை. நாளைக் காலையில் கதவருகே காத்திருக்கப்போகிற அந்தப் பெரியவரின் நினைப்பு அப்போதுதான் எனக்கு வந்தது. என் வீம்பில் அவரை மறந்தே போயிருந்தேன்.

“பிளேட்டு டூப்ளிகேட்டா இருக்கும்டா தம்பி. கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்றார் நாத்தனார், படியிறங்கி வந்துகொண்டே. தம்பி தப்பித்துக்கொள்ள நல்ல வழி.

இவர் சாக்கில் உட்கார்ந்து பழைய பிளேட்டையும் தட்டில் மிஞ்சின ஆயிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டினார். அந்தக் கண்ணாடி அவரிடம் இருப்பது எனக்கே அதுவரை தெரியாது. உதடு அசைய அசையப் படித்தார். படித்து முடித்ததும் எழுந்து நின்றார்.

“கடைக்காரன் மேல தப்பில்லக்கா. என் மேலதான் தப்பு” என்றார். அன்றைக்கு என்னைச் சொன்ன அதே குரல், நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல். “நான் ஊத்தின ஆயில்தான் கிளட்சைக் கெடுத்திருக்கு. இவ ஓட்டினதுல ஒரு குத்தமும் இல்ல. கார் படம் போட்டிருக்கேன்னு இவ அப்பவே கேட்டா. நான்தான் வாயை அடைச்சேன். அன்னைக்கு இங்க வச்சு இவளைப் பேசினேன் இல்ல, அது தப்பு.”

ஒரு மனுஷன் தன் மானத்தைத் தானே எடுத்து நடுத்தெருவில் வைக்கிறார், நான் பக்கத்தில் சிலை மாதிரி நிற்கிறேன்.

நாத்தனார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நானும் தெரியாம சிரிச்சுட்டேம்மா. மனசுல வச்சுக்காத. இத்தனை பேச்சையும் கேட்டுக்கிட்டு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே நீ. உன் பொறுமை யாருக்கு வரும்?” என்றார். அந்தக் கையை உதற வேண்டும் போல இருந்தது. “இருங்க, எல்லாருக்கும் டீ கொண்டு வர்றேன்” என்று மாடிக்குப் போனார்.

இவர் மறுபடியும் மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். “பிளேட்டை பெட்ரோல்ல கழுவினா பிழைச்சுக்கும். நீ பிரிச்சு வை, கடை மூடறதுக்குள்ள போய் வண்டி ஆயில் வாங்கிட்டு வந்துடறேன். நாளைக்கு நீ நேரத்துக்குப் போயிடுவ, கவலைப்படாத” என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“அந்த எழுத்தை நான் பார்த்தேங்க” என்றேன்.

“எப்போ?”

“தட்டுல ஊத்த டப்பாவைக் கொடுத்தேனே, அப்போ.”

ஸ்பேனர் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணாடி இன்னும் மூக்கில் இருந்தது. வெட்டுப்பட்ட விரலில் நான் வைத்த பஞ்சு கறுத்துப் போயிருந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்தலாம், அன்றைக்கு நீங்க செஞ்சது மட்டும் என்ன என்று கேட்கலாம், தயாராகத்தான் இருந்தேன். அவர் கத்தவில்லை.

“நான் மேட்டுல நிக்கறதைப் பார்க்கணும்னு இருந்தியா?”

“ஆமா.”

“சரி” என்று குனிந்து அடுத்த போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். அவர் தெரியாமல் செய்தார். நான் படித்துப் பார்த்துவிட்டுச் செய்தேன். இதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது.

நாத்தனார் டீயோடு இறங்கி வந்தார். முதல் டம்ளரை என்னிடம் நீட்டி, “பொறுமைசாலிக்கு முதல்ல” என்றார். எதிரே வர்ணனையும் கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்று தலையாட்டினார். டம்ளர் கையில் சுட்டது.

“அண்ணி, நான் ஒண்ணும் பொறுமைசாலி இல்ல. அந்த ஆயில் தப்புன்னு எனக்கு முன்னாடியே...”

“நீ சும்மா இரு” என்று இவர் குறுக்கே புகுந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. போல்ட்டைத் திருகிக்கொண்டே அக்காவிடம் சிரித்தார். “பொடி எழுத்துல எழுதியிருந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? ஊசி போடறவளுக்கு ஆயிலைப் பத்தி என்ன தெரியும்க்கா?”

நாத்தனார் சிரித்தார். வர்ணனையும் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு அந்த டீயைக் குடித்தேன்.